பழைய பண்ணை வீட்டைக் கிடங்காக்கினோம், ஈரச்சுவரை இப்படித்தான் சரிசெய்தோம்

நூறு வருஷம் தாண்டிய பண்ணை வீட்டைத் தானியம், விதை வைக்கிற கிடங்காக மாற்றினோம். இடம் தாராளம், ஆனால் சுவரோரம் அடுக்கிய மூட்டைகளில் மட்டும் பூசணம். கூரை ஒழுகவில்லை. சுவரைத் தட்டினால் முழங்கால் உயரம் வரை உள்ளே காலியாக இருப்பதுபோல் சத்தம், நகத்தால் சுரண்டினால் வெள்ளையாக உப்பு உதிர்ந்தது.

சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் அது, எப்போதோ யாரோ மேலே சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியேறிக் காய்ந்துவிடும், சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிட்டது. இன்னொரு கோட் நீர்த்தடுப்பு அடிக்கச் சொன்னவர்கள்தான் அதிகம், நல்லவேளை கேட்கவில்லை.

சிமெண்ட்டை உளி வைத்து மெதுவாகப் பெயர்த்தோம் (மெஷின் வைத்தால் செங்கல் முகமும் சேர்ந்து வந்துவிடும்), ஒரு கோடை முழுக்கக் காயவிட்டு, அப்புறம் சுண்ணாம்பு மணல் 1:3 கலவையில் மெல்லிசாக இரண்டு பூச்சு. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித்தான் மெதுவாக இறுகும், அதற்குக் கொஞ்சம் ஈரமும் வேண்டும், அதனால் சட்டென்று உலராமல் ஈரச்சாக்கு தொங்கவிட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். வெளிப்பக்கம் சுவரோரம் ஏறியிருந்த மண்ணை உள்தரை மட்டத்துக்குக் கீழே வெட்டி இறக்கினோம், பாதி ஈரம் அதிலேயே போனது என்பேன்.

மூட்டைகள் இப்போது பலகை மேல், சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி இருக்கின்றன. உரத்துக்கு மட்டும் தனிக் கொட்டகை, அதன் உப்பு சுவரில் இறங்கினால் திரும்பவும் உளியோடு நிற்க வேண்டியதுதான்.