பின்னூட்ட லிங்க்கால் ரேங்க் ஏறாது

தன் தளம் கூகுளில் மேலே வர வேண்டும் என்று, கண்ணில் படும் வலைப்பதிவிலெல்லாம் "அருமையான பதிவு" என்று எழுதி லிங்க்கை ஒட்டிவிட்டுப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வீண் வேலை. லிங்க்கை ரேங்க்குக்குக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று கூகுளுக்குச் சொல்லும் நோஃபாலோ குறியீடு 2005-லேயே வந்துவிட்டது. வலைப்பதிவு நடத்த உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸ் அதைப் பின்னூட்ட லிங்க்குகளில் தானாகவே சேர்த்துவிடும். 2019-ல் பின்னூட்டம் போன்றவற்றுக்கென்றே யுஜிசி (வாசகர்கள் எழுதியது என்று காட்டுவது) என்ற குறியீட்டையும் கூகுள் கொண்டுவந்தது.

அப்புறம் எதற்குப் பின்னூட்டம்? அந்தப் பதிவரும் அவருடைய வாசகர்களும் உங்களைத் தெரிந்துகொள்ளத்தான். பதிவை முழுக்கப் படித்து, விடுபட்ட தகவலையோ உருப்படியான கேள்வியையோ சொந்தப் பெயரில் எழுதுங்கள். "மலிவு விலை ஏசி சர்வீஸ் சென்னை" என்று பெயர் வைத்துக்கொண்டு வந்தால் யார் மதிப்பார்கள்?

அடுத்தவர் தளத்தில் விருந்தினர் பதிவு எழுதுவதானால், உங்கள் துறையில் ஆர்வமுள்ளவர்கள் உண்மையிலேயே படிக்கும் தளமா என்று பாருங்கள். ஒரே கட்டுரையைப் பல இடங்களுக்கு அனுப்பாதீர்கள். எழுதியவர் குறிப்பில் ஒரு லிங்க், அதுவும் தளத்தின் பெயரிலேயே இருந்தால் போதும். காசு கொடுத்து லிங்க் போடுவதென்றால், அது விளம்பரம் என்று காட்டும் ஸ்பான்சர்ட் குறியீட்டையோ நோஃபாலோவையோ சேர்க்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கூகுளின் விதிப்படி அது லிங்க் ஸ்பாம்தான், அதாவது ரேங்க்கை ஏற்றப் போடும் முறைகேடான லிங்க்.