வண்டி ஹீட் ஆனால் செய்யக் கூடாதவை

கொல்லிமலை ஏறுகிறீர்கள். 70 கொண்டை ஊசி வளைவுகள், ஏப்ரல் வெயில், உள்ளே ஐந்து பேர், ஏசி முழு வேகத்தில். உச்சி நெருங்கும்போது டெம்பரேச்சர் முள் மேலே நகர்கிறது. "இன்னும் நாலு வளைவுதான், மேலே போய்ப் பார்த்துக்கலாம்" என்று முடிவெடுக்கிறோம் பாருங்கள், பல எஞ்சின்களில் ஹெட் (சிலிண்டர்களை மேலே மூடும் பகுதி) வளைவது அந்த நாலு வளைவில்தான். ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, முதலில் கிடைக்கும் இடத்தில் ஓரம் கட்டுங்கள். ஹீட்டர் எஞ்சினின் சூட்டைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளும். வியர்த்துக் கொட்டும், பரவாயில்லை. ஆவி வந்தாலோ சிவப்பு விளக்கு எரிந்தாலோ எஞ்சினை உடனே அணைத்துவிடுங்கள்.

ஏறிய முள் திடீரென்று இறங்கினால் நிம்மதி அடையாதீர்கள். கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) மொத்தமும் ஒழுகிப்போனால் சென்சார் காற்றில் தொங்கும். அப்போது அது காட்டும் அளவு பொய். பல சின்ன கார்களில் முள்ளே கிடையாது, ஒரு சிவப்பு விளக்கு மட்டும்தான். அது எரியும்போது சூடு ஏற்கெனவே எல்லை தாண்டியிருக்கும்.

சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதே என்று எல்லோரும் சொல்வார்கள், காரணத்தைச் சொல்ல மாட்டார்கள். மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால் உள்ளே 100 டிகிரியைத் தாண்டியும் தண்ணீர் கொதிக்காமல் இருக்கும். திறந்த நொடியில் அழுத்தம் போய், கொதிநீரும் ஆவியும் முகத்தில் அடிக்கும். அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். கொதிக்கிற எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட்டில் விரிசல் விழலாம்.

சரி, ஆறிவிட்டது, தண்ணீரும் ஊற்றியாயிற்று. இனிமேல்தான் பெரிய தவறு நடக்கும்: "தண்ணி குறைஞ்சிருந்தது, அவ்வளவுதான்" என்று விட்டுவிடுவது. மூடிய சுற்றில் தண்ணீர் ஏன் குறைந்தது? எப்போது சூடாகிறது என்பதைக் கவனித்தாலே பாதி பதில் கிடைத்துவிடும். சிக்னலில் நிற்கும்போது ஏறி, ஓட ஆரம்பித்ததும் இறங்கினால் ஃபேன் மேல் சந்தேகம். ஃப்யூஸ், ரிலே, மோட்டார் என்று வரிசையாகப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் ஏசியைப் போட்டதும் ஃபேன் சுற்ற வேண்டும், பானெட்டைத் திறந்து பார்த்தாலே தெரியும். ஹைவேயில் வேகமாகப் போகும்போது ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு அல்லது வாட்டர் பம்ப். கீழே ஒரு சொட்டு ஒழுகாமல் தண்ணீர் மட்டும் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) மேல் சந்தேகம். ஆயில் மூடியின் உட்புறம் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தாலோ, எஞ்சின் சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தாலோ வண்டியை எடுக்காதீர்கள்.

இந்த ஊர் வெயிலுக்கு தெர்மோஸ்டாட் (சூட்டைப் பொறுத்து ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு) எதற்கு என்று கழற்றி எறியும் மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. பல பெட்ரோல் கார்களில் அது 80 டிகிரிக்குச் சற்று மேலேதான் திறக்க ஆரம்பிக்கும். எஞ்சின் சீக்கிரம் சரியான சூட்டுக்கு வரட்டும் என்பதற்காக வைத்தது. அது இல்லாவிட்டால் எஞ்சின் குளிர்ந்தே ஓடும், வண்டியின் கம்ப்யூட்டர் பெட்ரோலை அதிகம் விடும், மைலேஜ் விழும். சில எஞ்சின்களில் தண்ணீர் ரேடியேட்டருக்கே போகாமல் பைபாஸ் வழியாகச் சுற்றி, சூடு இன்னும் ஏறும். பழுதானால் புதிது மாட்டுங்கள், விலை அதிகமில்லை.

அவசரத்துக்குப் போர் தண்ணீர் ஊற்றலாம். அதையே வழக்கமாக்கினால் உப்புப் படிந்து ரேடியேட்டர் அடைத்துவிடும். கான்சன்ட்ரேட் கூலன்ட்டை அப்படியே ஊற்றுவதும் தப்பு. சூட்டைக் கடத்துவதில் தண்ணீர்தான் கெட்டிக்காரன். டிஸ்டில்டு வாட்டரோடு பாதிக்குப் பாதி கலந்தால் போதும். பச்சை, சிவப்பு என்று நிறத்தை நம்பி வேறு வகையைக் கலக்காதீர்கள், மேனுவலில் சொன்னதை மட்டும் ஊற்றுங்கள். நிரப்பிய பிறகு ஏர் எடுக்கச் சொல்லுங்கள். உள்ளே காற்று தங்கிவிட்டால், எல்லாம் புதிதாக மாற்றிய வண்டியும் மறுநாளே ஹீட் ஆகும்.

கேஸ்கெட் போய் ஹெட்டைக் கழற்ற வேண்டி வந்தால், புது கேஸ்கெட்டை மட்டும் வைத்து மூட விடாதீர்கள். ஹெட்டை லேத்துக்கு அனுப்பி, மட்டம் சரியாக இருக்கிறதா, விரிசல் உண்டா என்று பார்த்த பிறகே மாட்டச் சொல்லுங்கள்.