திகில் கதை எழுதிச் சம்பாதிக்க: முதல் கதையை விற்பது எப்படி?

என் முதல் கதைக்குக் காசு வர இரண்டரை வருஷம் ஆயிற்று. அதில் ஒன்றரை வருஷம் ஒரே ஒரு விஷயம் தெரியாததால் பாழானது. அதே தவறை இன்னும் பல பேர் செய்வதைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது. அதற்காகத்தான் இந்தப் பதிவு.

ஆங்கிலத்தில் ஹாரர், டார்க் ஃபேன்டஸி சிறுகதைகள் எழுதி வெளிநாட்டு இதழ்களுக்கு விற்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். கதை எழுதுவது எப்படி என்பதற்குள் போகவில்லை. 2,000 முதல் 5,000 சொற்களுக்குள் எழுதி, திருத்தி முடித்த கதை ஒன்று உங்கள் கையில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: கதையை எங்கேயும் போடாதீர்கள்

நான் விழுந்த இடம் இதுதான். சுடலைமாடன் கோவில் கொடை விழாவில், சாமியாடும் கோமரத்தாடி நள்ளிரவில் மயானத்துக்கு வேட்டைக்குப் போவார் இல்லையா, அவருக்குப் பின்னால் தீப்பந்தம் பிடித்துப் போன பையன் திரும்பி வரும்போது வேறு ஆளாக வருகிறான். இதுதான் கதை. 3,400 சொல். எழுதி முடித்த சந்தோஷத்தில் அன்று இரவே என் வலைப்பூவில் போட்டேன். நண்பர்கள் பாராட்டினார்கள். இரண்டு மாதம் கழித்து ஒரு இதழுக்கு அனுப்பினேன். எடிட்டருக்குப் பிடித்துவிட்டது. "இது இதற்கு முன் எங்காவது வெளியாகியிருக்கிறதா?" என்று கேட்டு மெயில் வந்தது. "என் வலைப்பூவில் மட்டும்தான்" என்று பதில் போட்டேன். மறுநாள் வருத்தம் தெரிவித்து, வாங்க முடியாது என்று எழுதிவிட்டார்கள்.

சொல்லுக்கு 8 சென்ட் என்றால் 3,400 சொல்லுக்கு 272 டாலர். அது போயிற்று. அதைவிடப் பெரிய அடி, அப்போது என்னிடம் இருந்த ஒன்பது கதைகளையும் வலைப்பூவில் போட்டு வைத்திருந்தேன்.

இதழ்கள் உங்களிடம் வாங்குவது கதையை அல்ல, அதை முதன்முதலில் வெளியிடும் உரிமையை. ஃபர்ஸ்ட் ரைட்ஸ் என்பார்கள். ஒரு கதைக்கு அது ஒரே ஒரு முறைதான் உண்டு. வலைப்பூ, எல்லோரும் பார்க்கக்கூடிய ஃபேஸ்புக் பதிவு, வாட்பேட், பிரதிலிபி என்று எங்கே போட்டாலும் அது வெளியான கதைதான். பத்துப் பேர் படித்தார்களா, பத்தாயிரம் பேர் படித்தார்களா என்பது கணக்கில்லை. பிறகு அழித்துவிட்டாலும் உரிமை திரும்பாது. பணம் கட்டிப் படிக்கும் பேட்ரியான் பக்கத்தில் போட்டதையும் பல இதழ்கள் வெளியானதாகவே எடுத்துக்கொள்கின்றன. கடவுச்சொல் போட்டு நுழையும் சின்ன விமர்சனக் குழுவில் பகிர்வதால் பொதுவாகப் பிரச்சினை வருவதில்லை.

அப்படி வெளியான கதையை மறுபிரசுரமாகத்தான் விற்க முடியும். அதை வாங்கும் இதழ்கள் குறைவு, காசும் பெரும்பாலும் மிகக் குறைவு.

பின்சேர்க்கை: "தமிழில் வெளியான என் கதையை நானே மொழிபெயர்த்து அனுப்பலாமா?" என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். அனுப்பலாம், ஆனால் மறைக்காதீர்கள். ஆங்கிலத்தில் முதல்முறை என்றால் போதும் என்று சில இதழ்கள் சொல்லும், எந்த மொழியில் வந்திருந்தாலும் மறுபிரசுரம்தான் என்று சில சொல்லும். விதிமுறைப் பக்கத்தில் பாருங்கள். அங்கே இல்லை என்றால் இரண்டு வரி மெயிலில் கேட்டுவிடுங்கள்.

இன்னொரு வாசகர், ரெட்டிட் தளத்தில் திகில் கதைகளுக்கென்றே இருக்கும் நோஸ்லீப் பகுதியைப் பற்றிக் கேட்டிருந்தார். அங்கே பிரபலமான கதைகளைக் குரலில் வாசிக்க யூடியூப்காரர்கள் அனுமதி கேட்டு வருவது உண்மை. 2011-இல் தொடங்கிய நோஸ்லீப் பாட்காஸ்டே அந்தக் கதைகளிலிருந்து பிறந்ததுதான். ஆனால் அது வேறு வழி. அங்கே போட வேண்டும் என்று தோன்றினால் அதற்கென்று தனியாக ஒரு கதை எழுதுங்கள். இதழுக்கு வைத்திருக்கும் கதையைத் தொடாதீர்கள்.

படி 2: எங்கே அனுப்புவது

எந்த இதழ் எந்த வகைக் கதையை வாங்குகிறது என்று தேட சப்மிஷன் க்ரைண்டர், டியோட்ரோப் என்று இரண்டு தளங்கள் இருக்கின்றன. டியோட்ரோப்புக்கு மாதம் 5 டாலர். க்ரைண்டர் இலவசம். நான் க்ரைண்டர்தான். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் எந்த இதழ் எத்தனை நாளில் பதில் சொல்கிறது என்பதை நம்மைப் போல அனுப்பியவர்களே பதிந்து வைத்திருக்கிறார்கள். ஆரம்பத்தில் அதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

ஹாரர் என்று வகையைத் தேர்ந்தெடுத்து, சொல் எண்ணிக்கையைக் கொடுத்து, அதிகம் கொடுக்கும் இதழிலிருந்து வரிசையாக வையுங்கள். அமெரிக்காவின் எஸ்எஃப்டபிள்யூஏ என்ற எழுத்தாளர் சங்கம் 2019 செப்டம்பரில் எழுத்தாளருக்குத் தர வேண்டிய தொழில்முறைச் சன்மானத்தைச் சொல்லுக்கு 8 சென்ட்டாக உயர்த்தியது. அந்த அளவு கொடுக்கும் இதழ்களுக்கு முதலில் அனுப்புங்கள். "நான் புதுசு, சின்ன இதழிலிருந்து ஆரம்பிக்கிறேன்" என்று தயங்காதீர்கள். அவர்கள் பார்ப்பது கதையைத்தான்.

நைட்மேர், த டார்க் என்ற இதழ்கள், சூடோபாட் என்ற பாட்காஸ்ட் மூன்றையும் முதலில் படியுங்கள், கேளுங்கள். மூன்றிலும் இலவசமாகவே நிறையக் கதைகள் கிடைக்கின்றன. எல்லா இதழ்களும் எப்போதும் கதை வாங்குவதில்லை. வருஷத்தில் சில வாரங்கள் மட்டும் கதவைத் திறப்பவையும் உண்டு, தேதியைக் குறித்து வையுங்கள்.

படி 3: கைப்பிரதி

இதழ்கள் வழக்கமாகக் கேட்கும் பக்க அமைப்புக்கு ஷன் ஃபார்மேட் (Shunn format) என்று பெயர். அப்படித் தேடினால் மாதிரியே கிடைக்கும். டைம்ஸ் நியூ ரோமன் அல்லது கூரியர், 12 புள்ளி, இரட்டை வரி இடைவெளி, நான்கு பக்கமும் ஒரு அங்குல ஓரம். இடது மேல் மூலையில் உங்கள் சட்டப்படியான பெயர், முகவரி, மெயில். வலது மூலையில் சொல் எண்ணிக்கை. புனைபெயர் இருந்தால் அது தலைப்புக்குக் கீழேதான் வர வேண்டும். இதைக் கவனியுங்கள், படி 6-இல் திரும்ப வரும்.

லிப்ரே ஆஃபீஸ் போதும், வேர்டுக்குக் காசு கட்ட வேண்டாம். பெயர் இல்லாமல் அனுப்பச் சொல்லும் இதழ்களுக்கு, பக்கத்தில் மட்டுமல்லாமல் கோப்பின் ப்ராப்பர்ட்டீஸ் பகுதியிலும் பெயரை நீக்குங்கள்.

படி 4: கவர் லெட்டர்

மூன்று வரி. கதைத் தலைப்பு, வகை, சொல் எண்ணிக்கை. முன்பு வெளியாகவில்லை என்று ஒரு வரி. நன்றி. கதைச் சுருக்கம் வேண்டாம், எந்த இடத்தில் பயம் வரும் என்று விளக்கவும் வேண்டாம். இதுவரை எதுவும் வெளியாகவில்லை என்றால் அதைச் சொல்லத் தேவையே இல்லை.

ஒரே கதையை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பலாமா என்பதை விதிமுறையில் பாருங்கள். கூடாது என்றால் கூடாது. "முடியாது" என்று பதில் வந்தால் அன்று இரவே அடுத்த இதழுக்கு அனுப்புங்கள். என் முதல் விற்பனை பன்னிரண்டாவது இதழில் நடந்தது. பதினோரு முறை திரும்பி வந்த கதையில் நான் ஒரு வரிகூட மாற்றவில்லை.

ஊர்ச் சொற்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முதலில் விற்ற அந்தக் கதையிலும் கொடை வருகிறது. கொடை என்றால் என்ன என்று விளக்கி ஐந்து வரி எழுதியிருந்தேன். எடிட்டர் அந்த ஐந்து வரியையும் அடித்துவிட்டு, பக்கத்தில் "தேவையில்லை, மேளச் சத்தத்திலேயே புரிகிறது" என்று எழுதியிருந்தார். கொடை என்ற சொல் மட்டும் அப்படியே நின்றது. அன்றிலிருந்து நான் விளக்கம் எழுதுவதே இல்லை.

படி 5: ஒப்பந்தம்

என்ன உரிமை கேட்கிறார்கள், எத்தனை மாதம் வேறெங்கும் வெளியிடக்கூடாது, பணம் வருவது கதையை ஏற்கும்போதா வெளியாகும்போதா, வெளியிடாமலே விட்டால் உரிமை எப்போது திரும்பும் என்ற நான்கையும் பாருங்கள். எல்லா உரிமையும் எங்களுக்கே என்றால் கையெழுத்துப் போடாதீர்கள். அனுப்பும் கதையைப் படித்துப் பார்ப்பதற்கே நம்மிடம் கட்டணம் கேட்டால் நான் அனுப்புவதில்லை. எழுத்தாளரை நோக்கித்தான் பணம் வர வேண்டும். சந்தேகம் வந்தால், எழுத்தாளர்களை ஏமாற்றுபவர்களைப் பற்றி எச்சரிக்கும் ரைட்டர் பிவேர் தளத்தில் அந்த இதழின் பெயரைத் தேடுங்கள்.

ஏஐ பற்றியும் பல ஒப்பந்தங்களில் ஒரு வரி இருக்கும். 2023 பிப்ரவரியில் ஏஐ எழுதிய கதைகள் வந்து குவிந்ததால் கிளார்க்ஸ்வேர்ல்ட் இதழ் கொஞ்ச காலம் வாசலையே மூட வேண்டியதாயிற்று. கதையை நீங்களே எழுதுங்கள். பொய் சொல்லி மாட்டினால் அந்த இதழுக்கு மறுபடி அனுப்பவே முடியாமல் போகலாம்.

படி 6: பணம்

பெரும்பாலும் பேபாலில் வரும். இந்தியாவில் கணக்கு தொடங்க பான் எண்ணும் வங்கிக் கணக்கும் வேண்டும். பணம் எதற்காக வருகிறது என்பதற்கான பர்பஸ் கோடையும் தேர்ந்தெடுக்க வேண்டும். இதையெல்லாம் முதல் கதை விற்பதற்கு முன்பே முடித்து வையுங்கள். பான் அட்டையில் இருக்கும் பெயர்தான் பேபாலிலும் ஒப்பந்தத்திலும் இருக்க வேண்டும். புனைபெயரில் ஒப்பந்தம் போட்டு, பணம் வாங்க முடியாமல் மூன்று வாரம் அலைந்த ஒருவர் போன மாதம் எழுதியிருந்தார்.

படி 7: இதை வைத்து வாழ முடியுமா?

சிறுகதை மட்டும் என்றால் முடியாது. சொல்லுக்கு 8 சென்ட் என்றால் 3,000 சொல் கதை 240 டாலர், 20,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். வருஷத்துக்கு ஆறு விற்றாலே பெரிய விஷயம். அப்போதும் ஒன்றரை லட்சத்தைத் தாண்டாது. நானும் மற்றவர்களின் நாவல்களை எடிட் செய்து கொடுத்தும், யூடியூப் திகில் சேனல்களுக்கு ஸ்கிரிப்ட் எழுதியும்தான் மாதத்தை ஓட்டுகிறேன். ஸ்கிரிப்ட் வேலையில் பாதிப் பணத்தை முன்னாலேயே வாங்கிவிடுங்கள்.

இதழ் வைத்திருக்கும் காலக்கெடு முடிந்த கதைகளைச் சேர்த்து கிண்டிலில் தொகுப்பாகப் போடலாம். ராயல்டி 35 அல்லது 70 சதவீதம். இந்திய விற்பனைக்கு 70 வேண்டும் என்றால் அமேசானின் கேடிபி செலக்ட் என்ற திட்டத்தில் சேர வேண்டும், சேர்ந்தால் 90 நாளைக்கு அந்த மின்னூல் வேறெங்கும் இருக்கக் கூடாது. வரிப் படிவத்தில் பான் எண்ணைக் கொடுக்க மறக்காதீர்கள். கொடுத்தால் அமெரிக்க விற்பனை ராயல்டியில் 15 சதவீதம் பிடிப்பார்கள், இல்லையென்றால் 30.

வலைப்பூவில் போட்டுக் கெடுத்த அந்த ஒன்பது கதைகளில் இரண்டு, மறுபிரசுரம் வாங்கும் ஒரு ஆடியோ இதழுக்குப் போயின. தீப்பந்தக் கதை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. தொகுப்பில் முதல் கதையாக அதை வைத்திருக்கிறேன்.