கருவிழிப் புண்: டெல்டாவில் அடிக்கடி நடக்கும் தவறுகள்

தை, மாசியில் சம்பா அறுவடை மும்முரமாக இருக்கும்போது டெல்டாவில் கண்ணில் உமியோ சுனையோ படுவது சகஜம். பெரும்பாலும் சுத்தமான தண்ணீரில் கழுவினால் சரியாகிவிடும். கருவிழியில் கீறல் விழுந்து அதில் கிருமி இறங்கினால்தான் வம்பு.

உமியை நாக்கால் எடுப்பது, தாய்ப்பால் விடுவது, இலைச்சாறு பிழிவது எல்லாம் கிருமியை நேராகக் கீறலில் கொண்டுபோய் விடுகிற வேலை. இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

பெரிய தவறு மெடிக்கலில் நடக்கிறது. "கண்ணு செவந்திருக்கு, ஏதாவது சொட்டு மருந்து குடுங்க" என்று கேட்டால், ஆன்டிபயாடிக்கோடு ஸ்டீராய்டு கலந்த மருந்தும் கைக்கு வரலாம். ஸ்டீராய்டு சிவப்பை அடக்கும். உடம்பின் எதிர்ப்பையும் சேர்த்தே அடக்கும். வயல்வேலைக் கீறலில் பூஞ்சை சர்வ சாதாரணம். அதற்கு நாட்டமைசின் போன்ற மருந்துதான் வேண்டும், ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. மெட்ராஸ் ஐ என்றாலும் பெரும்பாலும் அடினோவைரஸ்தான், அங்கேயும் ஆன்டிபயாடிக் வீண். அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் புண்ணைச் சுரண்டி, எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனை வைத்தால், ஏற்கெனவே விட்ட சொட்டால் கிருமி வளராமலே போகலாம்.

இன்னொன்று படித்தவர்களும் செய்வது: மருந்துக்கு அடங்காத கிருமிதான் கொடூரமான கிருமி என்று நினைப்பது. அந்த இரண்டு குணங்களுக்கும் மரபணுக்கள் வேறு வேறு. ஸ்டாபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவில் மெக்-ஏ என்ற மரபணு இருந்தால் மெத்திசிலின் வகை மருந்துகள் பலிக்காது. ஆனால் கண்ணைச் சிதைப்பது ஆல்பா டாக்சின் போன்ற நஞ்சுகள். சூடோமோனாஸ் என்ற இன்னொரு பாக்டீரியா ஊசி போன்ற குழாயால் நம் செல்லுக்குள்ளேயே நஞ்சைச் செலுத்தும். எக்ஸோ-யு மரபணு உள்ள வகை செல்லின் சவ்வைச் சிதைத்துக் கொல்லும். எக்ஸோ-எஸ் உள்ளது செல்லுக்குள் புகுந்து பிழைக்கும். எல்லா மருந்துக்கும் கட்டுப்படும் சூடோமோனாஸ்கூடச் சில நாட்களில் கருவிழியைத் துளைத்துவிடும், அதனால் 'சாதாரணக் கிருமிதான்' என்று தள்ளிப்போடாதீர்கள். எக்ஸோ-யு வகையில் ஃப்ளோரோகுவினோலோன் என்ற ஆன்டிபயாடிக் வகைக்கு எதிர்ப்பும் அடிக்கடி கூடவே இருப்பதுதான் கொடுமை. மருந்து பலிக்காமல் கழிகிற ஒவ்வொரு நாளும் அந்த நஞ்சுக்கு லாபம்.

கல்ச்சர் ரிப்போர்ட்டில் ஒரு மருந்துக்கு நேரே 'ஆர்' (கிருமி அதற்கு அடங்காது) என்று போட்டிருந்தால் பதறி நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். அடங்கும், அடங்காது என்று பிரிக்கும் எல்லை பெரும்பாலும் ரத்தத்தில் சேரும் அளவை வைத்துப் போட்டது. மணிக்கொரு முறை விடும் சொட்டு கருவிழியில் அதைவிட அதிகச் செறிவில் சேரக்கூடும். புண் ஆறிக்கொண்டு வந்தால் டாக்டர் அதே மருந்தைத் தொடரச் சொல்லலாம். ஆறவில்லை என்றால் உடனே மாற்றுவார்.