தடி ஃபைன் ஆர்ட் பேப்பர்ல கீறல், மைக்கறை இல்லாம போட்டோ பிரிண்ட் போடுறது எப்படி

சென்னைல மழை விடாம பெஞ்சுட்டு இருந்த ஒரு நவம்பர் மாசம், ராத்திரி எடுத்த ஒரு தெப்பக்குளம் படத்த பஞ்சு நார்ல செஞ்ச காட்டன் பேப்பர்ல போடலாம்னு உக்காந்தேன். படத்துல முக்கால்வாசி கருப்பு. பேப்பர் 308 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் 308 கிராம்), ஏ3 பிளஸ் சைஸ், ஒரு ஷீட் காசுல திருப்தியா ஒரு பிரியாணி சாப்ட்டு வந்துரலாம். பிரிண்ட் ஆரம்பிச்ச அஞ்சாவது நிமிஷம் உள்ள இருந்து சரக் சரக்னு சத்தம், வெளிய வந்தத பாத்தா மேல ரெண்டு மூலைலயும் காக்கா மைல கால வச்சு நடந்துட்டு போன மாதிரி இழுவல். ரெண்டாவது ஷீட்டும் அதே கதி. பிரிண்டர்தான் போச்சுன்னு நெனச்சு நாள் பூரா அதோட மல்லுக்கட்டி, கடைசில பாத்தா பிரிண்டர் மேல தப்பே இல்ல, பேப்பர் நமத்துப் போயிருந்துச்சு. டப்பாவ தொறந்து வச்சா அப்பளம் நமக்குமே அதேதான், என்ன, பேப்பர் நமத்தா கைக்குத் தெரியாது, பிரிண்டர்ல மை அடிக்கிற பாகமான ஹெட்டுக்குத்தான் தெரியும்.

உள்ள என்ன நடக்குதுன்னு முதல்ல புரிஞ்சுக்கணும், இல்லன்னா செட்டிங்க்ஸ்ல எதையாவது மாத்திக்கிட்டே இருப்போம். பிரிண்ட் ஹெட் பேப்பருக்கு மேல ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் உசரத்துலதான் அங்கிட்டும் இங்கிட்டும் ஓடுது. நாம ஜெராக்ஸ் எடுக்குற 80 ஜிஎஸ்எம் தாள் 0.1 மிமீ தடிமன்தான். ஹானமூலே கம்பெனியோட போட்டோ ராக் 308ங்கிற காட்டன் பேப்பர் கிட்டத்தட்ட 0.48 மிமீ, அதாவது அஞ்சு தாள அடுக்கி வச்ச மாதிரி. அதுவே இடைவெளில நல்ல பங்க எடுத்துக்குது, மிச்சம் இருக்குற இடத்துல பேப்பர் ஓரம் லேசா எந்திரிச்சாலும் ஹெட் அதுல உரசிடும். இதத்தான் ஹெட் ஸ்ட்ரைக்னு சொல்றாங்க. போறது பேப்பர் மட்டும் இல்ல, காட்டன் நார் பிஞ்சு ஹெட்டோட அடில ஒட்டிக்கிட்டா நாசில், அதாவது மை வர்ற பொடி ஓட்டை, அடைக்கும், அது இன்னும் பெரிய செலவு.

எந்த இடத்துல கறை விழுந்திருக்குன்னு பாத்தாலே பாதி காரணம் தெரிஞ்சுரும். மூலைலயும் மேல் கீழ் ஓரத்துலயும் இழுவல் இருந்தா பேப்பர் சுருண்டிருக்கு. ஓரம் எல்லாம் சுத்தமா இருந்து நடுவுல, அதுவும் மை நெறைய விழுற கருப்பு ஏரியால மட்டும் அகலவாக்குல கோடு வந்தா, மை ஈரத்துல பேப்பர் உப்பி அலை அலையா எந்திரிக்குதுன்னு அர்த்தம். பேப்பர் போற திசைல நீளவாக்குல கோடோ புள்ளி வரிசையோ இருந்தா அது ஹெட் இல்ல, ரோலர் இல்லன்னா அந்த பல்லு பல்லா இருக்குற நட்சத்திரச் சக்கரம். மயிர் மாதிரி மெலிசா கோணல்மாணலா ஒரு கோடு அகலவாக்குல வந்துச்சுன்னா ஹெட்டுக்கு அடில ஒரு நாரோ முடியோ தொங்குது. அங்கங்க சின்னச் சின்ன வெள்ளப் புள்ளின்னா அது வெறும் தூசு. கெட்டுப்போன ஷீட்ட கோவத்துல கிழிச்சு போட்றாதீங்க, அதுதான் உங்களுக்கு ஸ்கேன் ரிப்போர்ட்.

இப்போ பேப்பர். என்னக் கேட்டா வேலைல முக்கால்வாசி இங்கதான் இருக்கு. பொதுவா ஈரப்பதம் 40ல இருந்து 60 சதவீதத்துக்குள்ள இருக்குற ரூம்தான் இந்தப் பேப்பருக்கு நல்லது, ஆனா மழைக்காலத்துல நம்ம ஊர்ல 80 தாண்டுறது சர்வசாதாரணம். காட்டன் பேப்பர்ல ஈரம் முதல்ல ஓரம் வழியாத்தான் ஏறும், நடுப்பகுதி அப்படியே இருக்க ஓரம் மட்டும் உப்பும், ஜல்லடைல காஞ்ச வடாம் மாதிரி ஓரம் நெளியும். ஏசில ரொம்ப காஞ்சாலும் வம்புதான், மேல் பூச்சு சுருங்கி மூலைங்க ஹெட்ட பாத்து நிமிரும். அதனால ஒரு சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானி வாங்கி பிரிண்டர் பக்கத்துல வச்சுருங்க, பெரிய விலை இல்ல. பேப்பர் பாக்ஸ பிரிண்ட் போடப்போற அதே ரூம்ல முந்தின நாளே கொண்டுவந்து வச்சுருங்க, கொரியர்ல வந்த கையோட பிரிச்சு போடாதீங்க. வேணுங்கிற ஷீட்ட மட்டும் எடுத்துட்டு மிச்சத்த அதே பிளாஸ்டிக் கவர்ல போட்டு, காத்து போகாம மூடி, படுக்கை வாக்குல வைங்க. பீரோ பக்கத்துல சாச்சு நிறுத்தி வைக்கிறது, சிமெண்ட் தரைல நேரா வைக்கிறது ரெண்டும் வேணாம். நான் ரெண்டையும் பண்ணிருக்கேன்.

எடுத்த ஷீட்ட கண்ணாடி போட்ட மேஜைல வச்சு கண்ண மேஜை மட்டத்துக்கு இறக்கி நாலு பக்கமும் பாருங்க. எங்கயாவது வெளிச்சம் அடில புகுந்து வருதுன்னா அந்த ஓரம் தூக்கிட்டு இருக்கு. லேசா இருந்தா மேல பட்டர் பேப்பர் போட்டு, அதுக்கு மேல ஒரு சமமான பலகை, நாலஞ்சு தடி புக்கு வச்சு ராத்திரி விட்டா காலைல சரியாயிருக்கும். ரோல்ல இருந்து வெட்டுன பேப்பர்னா இது பத்தாது. அதுக்கு நான் தண்ணி போற நாலு இன்ச் பிவிசி பைப் ஒண்ணு ஹார்டுவேர் கடைல வாங்கி கழுவி வச்சிருக்கேன், அதுல பட்டர் பேப்பர் சுத்தி, சுருளுக்கு எதிர்ப்பக்கமா ஷீட்ட சுத்தி ரெண்டு மூணு நிமிஷம் புடிச்சிட்டு விடுவேன், பத்தலன்னா இன்னொரு தடவ. இதவிட ஒல்லி பைப் வேணாம், மேல் பூச்சுல வெடிப்பு விழுந்துரும். மொத்தத்துல ஓரங்க மேஜையோட ஒட்டி இருக்கணும், இல்ல மயிரிழை கீழ்ப்பக்கமா வளைஞ்சிருந்தா பரவால்ல, மேல்பக்கமா மட்டும் வளையக்கூடாது.

மேட் பேப்பரோட, அதாவது பளபளப்பு இல்லாத பேப்பரோட, மேல்பூச்சு எப்படின்னா, சுண்ணாம்பு அடிச்ச சுவத்துல சாஞ்சா சட்டைல ஒட்டிக்குமே, கிட்டத்தட்ட அந்த ஜாதி. நகம் பட்டா கோடு, ஒரு ஷீட் மேல இன்னொண்ண இழுத்தா தேச்ச தடம். வெறும் பேப்பர்ல ஒண்ணும் தெரியாது, கருப்பு மை விழுந்தப்புறம் அந்த எடம் மட்டும் மின்னிக்கிட்டு நிக்கும். அதனால காட்டன் கையுறை போட்டுக்குங்க, ரெண்டு கைல எதிரெதிர் ஓரத்த புடிங்க, பாக்ஸ்ல இருந்து உருவாதீங்க, தூக்குங்க. எந்தப் பக்கம் பூச்சுன்னு சந்தேகமா இருந்தா வெட்டி எறியப்போற மூலைல ஈர விரல லேசா வைங்க, பிசுக்குன்னு ஒட்டுற பக்கம்தான் பிரிண்ட் பக்கம்.

தூசு தட்டுறத பாதி பேர் பண்றதே இல்ல. காட்டன் பேப்பர்னா வெட்டுன ஓரத்துல பஞ்சுத் தூள் கண்டிப்பா இருக்கும், அது பேப்பர் மேல உக்காந்திருக்கும்போது மை அது மேல விழும், அப்புறம் தூள் உதுந்தா அடில வெள்ளப் புள்ளி. ஷீட்ட செங்குத்தா புடிச்சு, ரொம்ப மிருதுவான அகலப் பிரஷ்ல மேல இருந்து கீழ ஒரே திசைல ரெண்டு மூணு தடவ தடவுங்க, ஓரங்கள மறக்காதீங்க. இத பிரிண்டர் பக்கத்துல நின்னு பண்ணாதீங்க, தூசு அதுக்குள்ளயே போகும். வாயால ஊதாதீங்க, எச்சில் துளி பட்ட எடத்துல மை வேற மாதிரி ஏறும். கேன்ல வர்ற ஏர் ஸ்ப்ரேயும் வேணாம், சில சமயம் திரவமாவே கக்கிரும், லென்ஸுக்கு யூஸ் பண்ற ரப்பர் ப்ளோயர் போதும். முக்கியமா சீலிங் ஃபேன ஆஃப் பண்ணுங்க.

பிரிண்டர் செட்டிங்க்ஸுக்கு வருவோம். கட்டுக்கட்டா தாள் வைக்கிற வழக்கமான தட்டுல இந்தத் தடி பேப்பர வைக்காதீங்க, ஒவ்வொரு ஷீட்டா போடுற மேனுவல் ஃபீட் வழி பின்னாடியோ முன்னாடியோ இருக்கும், அதுல போடுங்க. எப்சன் டிரைவர்ல பேப்பர் கான்ஃபிகரேஷன்னு ஒரு எடம் இருக்கு, அங்க பிளாட்டன் கேப் (ஹெட்டுக்கும் பேப்பர் உக்கார்ற தட்டுக்கும் நடுவுல உள்ள இடைவெளி), பேப்பர் திக்னெஸ் (தடிமன்) ரெண்டும் மாத்தலாம். தடிமன் 0.1 மிமீ கணக்குல வரும், அதனால போட்டோ ராக் 308க்கு 5. பிளாட்டன் கேப்ப ஸ்டாண்டர்ட்ல இருந்து வைட், அப்பவும் உரசுனா வைடர். கேனான்ல பிரிவென்ட் பேப்பர் அப்ரேஷன்னு ஒரு டிக் இருக்கும், அத போட்டா மை அடர்த்தியா விழும்போது ஹெட்டுக்கும் பேப்பருக்கும் நடுவுல இடைவெளி கூடும், வேலை முடிஞ்சதும் மறக்காம எடுத்துருங்க.

அப்போ எடுத்த எடுப்புல எல்லாத்தையும் அகலமா வச்சுரலாமேன்னு கேப்பீங்க. ஹெட் உசர உசர மைத்துளி விழுற தூரமும் கூடும், விழ வேண்டிய எடத்துல விழாது, மெல்லிய கோடு, எழுத்து, மரக்கிளை நுனி எல்லாம் லேசா மழுங்கும். அகலமா வச்சா கூடவே ஹை ஸ்பீட ஆஃப் பண்ணுங்க, ஹெட் ஒரு பக்கம் போகும்போது மட்டும் அடிக்கும், நேரம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆகும், ஆனா கோடு ரெண்டா தெரியாது. பேப்பர் சமமா இருந்தா ஒரு படி ஏத்துனாலே போதும்ங்கிறது என் அனுபவம், வைடர் வரைக்கும் போக வேண்டி இருந்தா நான் செட்டிங்க விட்டுட்டு திரும்ப பேப்பர பாக்கப் போயிருவேன்.

எந்த வகைப் பேப்பர்னு பிரிண்டருக்குச் சொல்ற மீடியா டைப் விஷயத்துல ஒரு வார்த்த. பேப்பர் கம்பெனி குடுக்குற ஐசிசி ப்ரொஃபைலோட (அந்தப் பேப்பர்ல கலர் சரியா வர்றதுக்கான ஃபைல்) எந்த மீடியா டைப் வைக்கணும்னு குறிப்பும் இருக்கும், அதையே வைங்க. இஷ்டத்துக்கு மாத்துனா மை அளவு மாறும், கலரும் போகும், மை ஜாஸ்தி விழுந்தா மேல சொன்ன மாதிரி நடுவுல உப்பும். பிளாட்டன் கேப்ப மாத்துனா ப்ரொஃபைலுக்கு ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க. நடுவுல உப்புற பிரச்சன தொடர்ந்து இருந்தா கலர் டென்சிட்டிய கொஞ்சம் குறைச்சு, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நடுவுல காயுற நேரத்த கூட்டிப் பாருங்க. கருப்பு மைல ரெண்டு வகை, மேட் பேப்பருக்கு மேட் பிளாக், பரைட்டா மாதிரி பளபளப்பு பேப்பருக்கு போட்டோ பிளாக், பளபளப்புல மேட் பிளாக் போட்டா கருப்பு கையோட வந்துரும், மேட்ல போட்டோ பிளாக் போட்டா கருப்பு வெளிறித் தெரியும். எப்சன் பி800 பிரிண்டர்ல ரெண்டு கருப்புக்கும் ஒரே வழிங்கிறதால மாத்தும்போது மை வீணாகும், பி900ல தனித்தனி வழி இருக்கு.

மார்ஜின். கேனான்ல ஃபைன் ஆர்ட் மீடியா வச்சா மேலயும் கீழயும் பெருசா வெள்ள விட்டுரும், அத பாத்து எல்லாரும் திட்டுவாங்க, நானும் திட்டிருக்கேன், ஆனா அதுல ஒரு நியாயம் இருக்கு. பேப்பரோட நடுப்பகுதி ஹெட்டுக்கு அடில இருக்கும்போது முன்னாடி ஒரு ரோலரும் பின்னாடி ஒரு ரோலரும் புடிச்சிருக்கும். ஆரம்பத்துலயும் கடைசிலயும் ஒரு பக்கப் புடிதான், இன்னொரு ஓரம் தன் இஷ்டத்துக்கு ஆடும். அந்த எடத்துல மை அடிக்காம இருக்குறதுதான் புத்தி. மேல கீழ 25, 30 மிமீ விடுங்க, ஓரம் வரைக்கும் படம் வேணும்னா பெரிய ஷீட்ல போட்டு வெட்டிக்குங்க. வெட்டாம விட்டாலும் அந்த வெள்ள ஓரம் அழகாத்தான் இருக்கும், கையெழுத்து போடவும் எடம் கெடைக்கும்.

இத்தனையும் பண்ணிட்டு நேரா நல்ல ஷீட்ல போகாதீங்க. முதல்ல சாதா தாள்ல நாசில் செக் (எல்லா ஓட்டைலயும் மை வருதான்னு பாக்குற டெஸ்ட் பிரிண்ட்), அப்புறம் ரெண்டு மூணு வெறும் தாள உள்ள விட்டு எடுங்க, ரோலர்ல பழைய மை இருந்தா அதுல ஒட்டி வந்துரும். பிரிண்ட் ஓடும்போது பக்கத்துலயே இருங்க, பின்னாடி தொங்குற பாகத்த கையால லேசா தாங்குங்க, புடிச்சு நிறுத்தாதீங்க. உரசுற சத்தம் கேட்டுச்சுன்னா கேன்சல் பட்டன அமுக்குங்க, பேப்பர புடிச்சு வெடுக்குன்னு இழுக்காதீங்க, வெளிய வந்ததும் மறுபடி ஒரு நாசில் செக்.

பரைட்டா பேப்பர்ல மட்டும் தனியா ஒரு தலவலி, சாச்சு வெளிச்சத்துல பாத்தா கருப்புல பொடிப் புள்ளியா வரிசை தெரியும், அது அந்த நட்சத்திரச் சக்கரத்தோட தடம். மேட்ல அனேகமா கண்ணுக்குத் தெரியாது. மைய குறைச்சு காயுற நேரத்த கூட்டுனா கொஞ்சம் அடங்கும். முழுசா போகலன்னா இருட்டுப் படங்கள மேட்ல போட்டுட்டு போங்க, நான் அப்படித்தான் பண்றேன்.

வெளிய வந்த பிரிண்ட உடனே எடுத்து ஆசையா தடவிப் பாக்குறது மனுஷ இயல்புதான், ஆனா கைய கட்டிக்குங்க. படம் மேல்பக்கம் இருக்குற மாதிரி, சமமா, தனியா, ஒரு நாள் விடுங்க. அடுக்கணும்னா நடுவுல ஆசிட் இல்லாத டிஷ்யூ தாள் போட்டு அடுக்குங்க, பழைய நியூஸ்பேப்பர் போடாதீங்க. ஊசிமுனை அளவு வெள்ளப் புள்ளி விழுந்திருந்தா, மெலிசான பிரஷ் நுனில அதே கலர்ல வாட்டர் கலர் தொட்டு, வெட்டுத் துண்டுல ஒருதரம் பாத்துட்டு, குத்துற மாதிரி வைக்கலாம், தேய்க்கக்கூடாது. ஹெட் உரசுன இழுவலுக்கு இந்த வைத்தியம் செல்லாது, அந்த ஷீட்ல கறை படாத வெள்ளப் பகுதிய வெட்டி அடுத்த படத்துக்கு டெஸ்ட் துண்டா வச்சுக்குங்க. ஃபிரேம் கடைல குடுக்கும்போது படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவுல மவுண்ட் போர்டு (படத்த சுத்தி வைக்கிற தடி அட்டை) கண்டிப்பா வேணும்னு சொல்லிட்டு, அங்கயே நின்னு போடுறத பாத்துட்டு வாங்க, ஏன்னா கடைப்பையன் பேப்பர் மேல இருக்குற தூச கர்ச்சீப்ல தொடைக்கப் போவான்.