காண்டாக்ட் லென்ஸுக்காகக் கண் மருத்துவமனைக்குச் செல்லும்போது

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு ஒரு ஜோடி லென்ஸ் வாங்குவதற்காக நான் மூன்று முறை பேருந்து ஏற வேண்டியிருந்தது. அதில் இரண்டு பயணங்களைத் தவிர்த்திருக்கலாம் என்பது பிறகுதான் புரிந்தது. முதல் முறை, பதிவுசெய்யும் இடத்தில் "கண் டெஸ்ட் பண்ணணும்" என்று மட்டும் சொன்னேன். வழக்கமான வரிசையில் உட்கார வைத்து, பாவையை விரியச் செய்யும் சொட்டு மருந்தை இரண்டு கண்ணிலும் விட்டுவிட்டார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்து லென்ஸ் பிரிவுக்குச் சென்றபோது, அங்கிருந்தவர் என் சீட்டைப் பார்த்துவிட்டு, "சொட்டு விட்டாச்சேம்மா, இன்னிக்கு லென்ஸ் பாக்க முடியாது" என்றார். திரும்பும் வழியில் பேருந்துச் சீட்டில் இருந்த எழுத்துகூட எனக்குத் தெரியவில்லை.

ஆகவே, பெயர் கொடுக்கும்போதே "காண்டாக்ட் லென்ஸ் பார்க்க வந்திருக்கிறேன், சொட்டு மருந்து விடுவதற்கு முன் லென்ஸ் பிரிவுக்கு அனுப்புங்கள்" என்று தெளிவாகச் சொல்லி, அதை ஓ.பி. சீட்டிலும் எழுதச் சொல்ல வேண்டும். அந்த மருந்து கண் தானாகக் குவியும் திறனைச் சில மணி நேரத்துக்குத் தளர்த்திவிடுவதால், லென்ஸ் போட்ட பின் பார்வை எப்படி இருக்கிறது என்பதை அந்த நிலையில் சரியாகச் சொல்ல முடியாது. அதற்காகச் சொட்டு மருந்தே வேண்டாம் என்று மறுப்பது தவறு. கிட்டப்பார்வை அதிகம் உள்ளவர்களுக்கு விழித்திரையைப் பார்த்தே ஆக வேண்டும் என்பதால், லென்ஸ் வேலை முடிந்த பிறகு அதைச் செய்யும்படி கேட்டுக்கொள்வதே முறை. அன்றைக்கு இருசக்கர வாகனத்தைத் தவிர்த்து, குளிர்கண்ணாடியும் எடுத்துச் செல்லுங்கள்.

இரண்டாம் முறை எனக்கு நேர்ந்தது வேறு. எனக்குச் சிலிண்டர் பவர் உண்டு, அதாவது கண்ணின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரே சீராக இல்லாததைச் சரிசெய்யும் பவர். அதற்கு டோரிக் என்ற தனி வகை லென்ஸ் வேண்டும். அது கண்ணில் சுழலாமல் ஒரே கோணத்தில் நிற்க வேண்டும். என் அளவில் டிரையல் லென்ஸ் (போட்டுப் பார்ப்பதற்கான மாதிரி லென்ஸ்) கையிருப்பில் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சாதாரண பவருக்குப் பெரும்பாலும் இந்தத் தொல்லை இருக்காது. சிலிண்டர் உள்ளவர்களோ முந்தைய நாளே தொலைபேசியில் அழைத்து, கண்ணாடிச் சீட்டில் உள்ள பவர், சிலிண்டர், ஆக்ஸிஸ் (சிலிண்டர் நிற்க வேண்டிய கோணம்) மூன்றையும் படித்துக் காட்டி, டிரையல் லென்ஸ் இருக்கிறதா என்று கேட்டுவிட வேண்டும். அதே அழைப்பில், பழைய லென்ஸைப் போட்டுக்கொண்டு வரலாமா என்றும் கேளுங்கள். அது கண்ணில் எப்படி உட்காருகிறது என்று பார்ப்பதற்குப் போட்டிருக்க வேண்டும். கருவிழியின் வளைவை அளப்பதற்கோ முன்கூட்டியே கழற்றியிருக்க வேண்டும். எது தேவை என்பதை அவர்கள்தான் சொல்ல முடியும். பழைய லென்ஸ் பெட்டியை எப்படியும் கொண்டு செல்லுங்கள். பேஸ் கர்வ் (லென்ஸின் உள்வளைவு), டயாமீட்டர் (குறுக்களவு) எண்கள் அதில் அச்சிடப்பட்டிருக்கும்.

கண்ணாடிச் சீட்டைக் காட்டிக் கடையில் லென்ஸ் வாங்கிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. கண்ணாடி கண்ணிலிருந்து ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது. லென்ஸோ கருவிழியின் மேலேயே மிதக்கிறது. அதனால் கண்ணாடியில் மைனஸ் 6.00 என்றால் லென்ஸில் ஏறத்தாழ மைனஸ் 5.50 போதும், மைனஸ் 8.00 என்றால் 7.25 வரை இறங்கும். பவர் 4.00-ஐத் தாண்டினால் இந்த மாற்றத்தைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். எனவே லென்ஸுக்கெனத் தனிச் சீட்டு கேட்டு வாங்குங்கள்.

டிரையல் லென்ஸைப் போட்டதும் "நல்லாத்தான் இருக்கு" என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். அது கண்ணில் நிலைகொள்ளப் பதினைந்து, இருபது நிமிடமாவது ஆகும். அதுவரை வெளியே சென்று தூரத்துப் பலகையையும் கைப்பேசியையும் மாறி மாறிப் பாருங்கள். கண் சிமிட்டும்போதெல்லாம் எழுத்து கலைந்து கலைந்து தெளிந்தால், டோரிக் லென்ஸ் சுழல்கிறது என்று சந்தேகித்து, அதைச் சொல்லிவிட வேண்டும்.

புதியவர்கள் லென்ஸைத் தாங்களே போட்டுக் கழற்றிக் காட்டாமல் வெளியே வரக் கூடாது. கூட்டமாக இருக்கிறது என்று அவர்கள் அவசரப்படுத்தினாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். லென்ஸை விரல் நுனியில் நிறுத்தி, பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், சரியாக இருக்கும்போது விளிம்பு கிண்ணம் போல நேராக ஏறும். புரண்டிருந்தால் சாப்பாட்டுத் தட்டைப் போல வெளிப்பக்கம் விரியும். குழாய்த் தண்ணீரோ போர்வெல் தண்ணீரோ லென்ஸில் படவே கூடாது. கருவிழியை அரிக்கும் அகாந்தமீபா என்ற நுண்ணுயிர் அந்தத் தண்ணீரில் இருக்கக்கூடும். கடலில் குளிக்கும்போதும் கழற்றிவிட வேண்டும். கண் சிவந்து வலித்தால் லென்ஸை உடனே எடுத்துவிட்டு, அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கி விட்டுப் பார்க்க வேண்டாம்.

மூன்றாம் பயணத்தில் லென்ஸ் கிடைத்தது. பணம் கட்டும் இடத்தில் நின்றபடியே பெட்டிகளைச் சீட்டோடு ஒப்பிட்டேன், ஓ.டி. என்பது வலது கண், ஓ.எஸ். என்பது இடது கண். இடது கண்ணுக்கான பெட்டியில் ஆக்ஸிஸ் மாறியிருந்தது. அங்கேயே மாற்றித் தந்தார்கள். மறுபரிசோதனைக்கு நாள் குறித்துத் தருவார்கள். அன்று லென்ஸைச் சில மணி நேரமாவது அணிந்த நிலையில் செல்ல வேண்டும். டப்பாவில் போட்டு எடுத்துச் சென்றால், அது கண்ணில் எப்படி இருக்கிறது என்று பார்க்க வழியில்லாமல் இன்னொரு நாள் வரச் சொல்லிவிடுவார்கள்.