பம்ப்–புரோப் ஒளிமின் அளவீட்டில் டிராக் எலக்ட்ரான்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டோபாலஜிக்கல் இன்சுலேட்டர் எனப்படும் இடத்தியல் மின்காப்பிகளின் உட்பகுதியில் ஆற்றல் இடைவெளி இருக்கும். பரப்பிலோ அந்த இடைவெளியைக் கடந்து செல்லும் கூம்பு வடிவப் பட்டை, அதாவது எலக்ட்ரான்களுக்கு அனுமதிக்கப்பட்ட ஆற்றல்களின் தொகுப்பு, ஒன்று இருக்கும். பிஸ்மத் செலினைடு, பிஸ்மத் டெலுரைடு ஆகியவற்றில் இந்த ஒற்றை டிராக் கூம்பை 2009-ஆம் ஆண்டில் கோணம் பிரித்தறியும் ஒளிமின் நிறமாலையியல் (ஒளியால் வெளியேறும் எலக்ட்ரான்களின் ஆற்றலையும் திசையையும் அளக்கும் முறை) நேரடியாகக் காட்டியது. அதன் பிறகு, அந்தக் கூம்பில் எலக்ட்ரான்கள் எவ்வளவு விரைவாக ஏறி இறங்குகின்றன என்று பார்க்க, ஆய்வகங்களில் பம்ப் எனப்படும் துடிப்பால் படிகத்தைக் கிளர்த்தி, சில ஃபெம்டோ நொடிகளோ பிக்கோ நொடிகளோ கழித்துப் புரோப் எனப்படும் புறஊதாத் துடிப்பால் எலக்ட்ரான்களை வெளியேற்றி அளக்கத் தொடங்கினர். பார்வைக்கு எளிய முறைதான். ஆனால் திரையில் தெரியும் மாற்றங்களில் ஒரு பகுதி படிகத்தில் நிகழ்வதே இல்லை. லேசரிலும், படிகத்துக்கு மேலுள்ள வெற்றிடத்திலும், மாதிரியின் முதுமையிலும் தோன்றுவது அது. இன்னொரு பகுதி படிகத்தில் நிகழ்ந்தாலும் அதற்கும் இடத்தியலுக்கும் தொடர்பிருக்காது. இந்த இரண்டையும் கழித்த பின்னரே கூம்பைப் பற்றிப் பேச முடியும்.

மிகப் பரவலான தவறு, மெதுவாக நடக்கும் எதையும் இடத்தியல் பாதுகாப்பின் பெயரில் எழுதிவிடுவது. பரப்பு நிலைக்குக் கிடைக்கும் பாதுகாப்பு வரம்புக்கு உட்பட்டது. எதிரெதிர் உந்தம் கொண்ட இரு நிலைகளின் தற்சுழற்சியும் (ஸ்பின்) எதிரெதிராக இருப்பதால், காந்தத் தன்மையற்ற ஒரு மாசு எலக்ட்ரானை 180 பாகை திருப்பியனுப்ப முடியாது என்பதே அதன் பொருள். 90 பாகை திருப்புவதையோ, ஃபோனான் எனப்படும் படிக அதிர்வு வழியாக எலக்ட்ரான் தன் ஆற்றலை இழப்பதையோ, உட்பகுதிப் பட்டைகளுக்குத் தாவுவதையோ அது தடுக்காது. ஆகவே பரப்பு நிலையில் எலக்ட்ரான்கள் நெடுநேரம் தங்கினால், முதலில் கேட்க வேண்டியது அவை எங்கிருந்து வந்துகொண்டிருக்கின்றன என்பதே. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2012-இல் பி-வகை, அதாவது துளைகள் மிகுந்த, பிஸ்மத் செலினைடில் செய்த அளவீடு இதற்கு நல்ல பாடம். அந்த மாதிரியில் பரப்பு நிலையும் உட்பகுதிக் கடத்துப்பட்டையும் தொடக்கத்தில் வெறுமையாக இருந்தன. பம்ப் துடிப்புக்குப் பின் பரப்பு நிலையின் எலக்ட்ரான் தொகை 10 பிக்கோ நொடிக்கு மேலும் நீடித்தது. காரணம், உட்பகுதிக் கடத்துப்பட்டையின் அடிவிளிம்பில் தேங்கிய எலக்ட்ரான்கள் தொடர்ந்து பரப்பு நிலைக்கு இறங்கி அதை நிரப்பிக்கொண்டிருந்தன. குழாயைத் திறந்துவிட்டு, ஓட்டைக் குடத்தில் நீர் குறையவில்லையே என்று வியப்பது போன்றது, இங்கே தங்கும் காலத்தை மட்டும் அளப்பது. பரப்பு நிலையின் தொகையையும் கடத்துப்பட்டை விளிம்பின் தொகையையும் ஒரே வரைபடத்தில், மடக்கை அளவில் வரைய வேண்டும். பிந்தைய காலத்தில் இரண்டும் ஒரே சரிவில் இறங்கினால், நாம் அளந்தது உட்பகுதித் தேக்கத்தின் ஆயுளைத்தான்.

இதனோடு ஒட்டிய இன்னொரு குழப்பம், நிறமாலைக் கோட்டின் அகலத்திலிருந்து கிடைக்கும் ஆயுளும் பம்ப்–புரோப் முறையில் கிடைக்கும் ஆயுளும் ஒத்துப்போக வேண்டும் என்ற எதிர்பார்ப்பு. 10 மில்லி எலக்ட்ரான் வோல்ட் அகலம் ஏறத்தாழ 66 ஃபெம்டோ நொடியைக் குறிக்கும்; அதே நிலையின் எலக்ட்ரான் தொகையோ பிக்கோ நொடிக் கணக்கில் தேயலாம். முன்னது ஒரு எலக்ட்ரான் தன் நிலையை விட்டு ஒருமுறை சிதறும் காலம். பின்னது வெளியேறுவோர் கழித்து உள்வருவோர் கூட்டிய நிகரக் கணக்கு. இவ்விரண்டும் முரண்படுவதாக எழுதப்படும் பத்திகள் பெரும்பாலும் தேவையற்றவை.

இனி வெற்றிடத்தில் நடப்பதைப் பார்ப்போம். தரவு கெடுவது பெரும்பாலும் இங்கேதான். ஒரே புரோப் துடிப்பில் பல எலக்ட்ரான்கள் வெளியேறினால் அவை ஒன்றையொன்று விலக்கும்; நிறமாலை அகன்று, ஃபெர்மி விளிம்பு (நிரம்பிய நிலைகள் முடிந்து வெற்று நிலைகள் தொடங்கும் ஆற்றல்) இடம்பெயரும். இதைப் பெரும்பாலோர் அறிவர். ஆனால் பம்ப் துடிப்பும் எலக்ட்ரான்களை வெளியேற்றும் என்பதை மறந்துவிடுகிறார்கள். 1.55 எலக்ட்ரான் வோல்ட் ஃபோட்டான் ஒன்று படிகத்தின் வெளியேற்று ஆற்றலைத் தாண்டாது. ஆயினும் பல ஃபோட்டான்கள் சேர்ந்து ஒரு எலக்ட்ரானை வெளியேற்றக் கூடும், பிளந்த பரப்பில் படிகளும் செதில்களும் இருந்தால் அது இன்னும் எளிதாகும். அந்த மேகம் புரோப் வெளியேற்றிய எலக்ட்ரான்களைத் தள்ளும் அளவு, இரு துடிப்புகளுக்கு இடைப்பட்ட தாமதத்தைப் பொறுத்து மாறும். விளைவாக, டிராக் புள்ளி (கூம்பின் மேல், கீழ்ப் பகுதிகள் சந்திக்கும் முனை) தாமதத்தோடு சேர்ந்து மெல்ல நகர்வதைப் போன்ற, வெளியிடத் தூண்டும் அழகான வளைகோடு ஒன்று கிடைக்கும். நகர்வது டிராக் புள்ளி மட்டுமா, அல்லது எலக்ட்ரான்கள் நிரம்பிய இணைதிறன் பட்டை உட்பட முழு நிறமாலையும் ஒரே அளவில் நகர்கிறதா என்று பார்ப்பது முதற்சோதனை. பம்பை மட்டும் செலுத்தி எத்தனை எலக்ட்ரான்கள் வருகின்றன என்று எண்ணுவது அடுத்தது. புரோப்பின் செறிவைப் பாதியாக்கி அளவீட்டைத் திரும்பச் செய்வதும் ஒரு சோதனை. ஆனால் பம்ப் மேகத்தால் வரும் நகர்வு அதனால் மறையாது என்பதால், அதை மட்டும் நம்பி நிறைவு கொள்ளக் கூடாது.

பரப்பு ஒளிமின்னழுத்தம் இதன் உடன்பிறப்பு. பரப்பருகே பட்டை வளைந்திருக்கும் மாதிரியில், ஒளி உருவாக்கும் எலக்ட்ரான்–துளை இணைகள் பிரிந்து பரப்பின் மின்னழுத்தத்தை மாற்றும். அதன் புலம் படிகத்துக்கு வெளியிலும் பரவும். பம்ப் வருவதற்கு முன்பே வெளியேறிவிட்ட எலக்ட்ரானையும் இது பாதிக்கும் என்பதைப் புதியவர்கள் நம்ப மறுப்பதுண்டு. 1 எலக்ட்ரான் வோல்ட் இயக்க ஆற்றலுள்ள எலக்ட்ரான் ஒரு பிக்கோ நொடியில் ஏறத்தாழ 0.6 மைக்ரோமீட்டர் மட்டுமே செல்லும். 100 பிக்கோ நொடி கழித்தும் அது பரப்பிலிருந்து 60 மைக்ரோமீட்டர் தொலைவில், லேசர் புள்ளியின் அளவுக்குள்ளேயே நிற்கிறது. அப்போது பம்ப் வந்து புலத்தை உண்டாக்கினால், அந்த எலக்ட்ரானின் ஆற்றல் மாறத்தான் செய்யும். ஆகவே எதிர்மறைத் தாமதத்தில், அதாவது புரோப் பம்புக்கு முன்னே வரும்போது, தெரியும் நகர்வைக் காலத்துக்கு முந்திய இயற்பியல் என்றும் கொள்ளக் கூடாது, கருவிக் கோளாறு என்று தள்ளவும் கூடாது.

இங்கிருந்தே இன்னொரு தவறு கிளைக்கிறது. எதிர்மறைத் தாமதத்தில் எடுத்த நிறமாலையைச் சமநிலை நிறமாலை என்று வைத்துக்கொண்டு மற்றவற்றிலிருந்து கழிப்பது வழக்கம். லேசர் 250 கிலோ ஹெர்ட்ஸில் இயங்கினால் அடுத்தடுத்த துடிப்புகளுக்கு இடையே 4 மைக்ரோ நொடியே உண்டு. உட்பகுதி நன்கு மின்காப்பியாக இருக்கும் பிஸ்மத்–டெலுரியம்–செலினியம் சேர்மங்களில் பரப்பின் கிளர்ச்சி மைக்ரோ நொடிக் கணக்கில் நீடிப்பது அளக்கப்பட்டிருக்கிறது. அத்தகைய மாதிரியில், எதிர்மறைத் தாமதம் என்பது முந்தைய துடிப்பின் மிச்சத்தோடு கூடிய நேர்மறைத் தாமதமே. பம்பை முற்றிலும் மறைத்து எடுத்த நிறமாலை ஒன்றைத் தனியே வைத்திருந்தால், மிச்சம் எவ்வளவு என்பதும், மாதிரியின் சராசரி வெப்பநிலை எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

காலத்தின் பூச்சியப் புள்ளியை எங்கே வைப்பது என்பதில் நேரும் தவறு சிறிதாகத் தோன்றினாலும் கட்டுரையின் முடிவையே மாற்றவல்லது. பரப்பு நிலையின் ஒளிர்வு உச்சம் அடையும் நேரத்தைப் பூச்சியமாகக் கொள்வது தவறு. அந்த எலக்ட்ரான்களில் பெரும்பகுதி நேராக அங்கே ஏற்றப்படாமல், மேலே உள்ள நிலைகளிலிருந்து படிப்படியாக இறங்கி வந்திருக்கும். ஃபெர்மி மட்டத்துக்கு மேல் மிக உயரத்தில், கிளர்ந்தவுடன் காலியாகிவிடும் நிலைகளின் வளைகோட்டைக் கொண்டுதான் பூச்சியத்தையும் கால நுணுக்கத்தையும் தீர்மானிக்க வேண்டும். அங்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. பிஸ்மத் செலினைடில் நிரம்பாத இரண்டாவது டிராக் கூம்பு ஒன்று மேலே இருக்கிறது, 1.5 எலக்ட்ரான் வோல்ட் பம்ப் கீழ்க் கூம்பிலிருந்து அதற்கு நேரடியாக எலக்ட்ரான்களை ஏற்றக் கூடும் என்பது 2013-இல் காட்டப்பட்டது. மேலும், தாமதம் எதிர்மறையாகும்போது துடிப்புகளின் பாத்திரம் மாறிவிடுகிறது. 6 எலக்ட்ரான் வோல்ட் துடிப்பு முதலில் வந்து, வெற்றிட மட்டத்துக்குச் சற்றுக் கீழே உள்ள பிம்ப அழுத்த நிலைகளுக்கு (பரப்புக்கு வெளியே எலக்ட்ரான் தன் பிம்ப மின்னூட்டத்தால் ஈர்க்கப்பட்டு நிற்கும் நிலைகள்) எலக்ட்ரான்களை ஏற்ற, 1.5 எலக்ட்ரான் வோல்ட் துடிப்பு அவற்றை வெளியேற்றுகிறது. எதிர்த்திசையில் தேயும் சைகை ஒன்று தெரிந்தால் அது பெரும்பாலும் இதுதான்.

கால நுணுக்கத்தையும் ஆற்றல் நுணுக்கத்தையும் ஒருசேரக் கோருவோர், காஸ் வடிவத் துடிப்புக்கு இவ்விரண்டின் பெருக்கற்பலன் 1825 மில்லி எலக்ட்ரான் வோல்ட்–ஃபெம்டோ நொடிக்குக் கீழே போகாது என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். 20 மில்லி எலக்ட்ரான் வோல்ட் அகலமுள்ள புரோப் 91 ஃபெம்டோ நொடிக்குக் குறுகியதாக இருக்க இயலாது. இது கீழ் எல்லை மட்டுமே. வெற்றிடக் கலனின் சன்னலும் வில்லைகளும் துடிப்பை மேலும் நீட்டும் என்பதால், லேசர் மேசையில் அளந்த துடிப்பு நீளத்தை மாதிரியின் மீதுள்ள நீளமாக எழுதக் கூடாது. 6 எலக்ட்ரான் வோல்ட் புரோப், படிக எலக்ட்ரான்களின் உந்தப் பரப்பான பிரிலூவன் மண்டலத்தின் நடுப்பகுதியை மட்டுமே எட்டும் என்பதையும் நினைவில் வைக்கலாம். விளிம்பைக் காண 20 எலக்ட்ரான் வோல்ட் அளவிலான உயர் சீரிசை ஒளி (லேசரின் அதிர்வெண்ணைப் பல மடங்காக்கிப் பெறும் ஒளி) வேண்டும்.

எலக்ட்ரான் வெப்பநிலை என்ற எண்ணும் எளிதில் ஏமாற்றும். வெப்பநிலைக்கேற்ப நிலைகள் நிரம்பும் அளவைத் தரும் ஃபெர்மி–டிராக் சார்பை எந்தத் தரவின் மீதும் பொருத்தலாம். எலக்ட்ரான்கள் தமக்குள் இன்னும் சமநிலைக்கு வராத முதற்சில நூறு ஃபெம்டோ நொடிகளிலும் கணினி ஓர் எண்ணைத் தந்துவிடும். தொகைப் பரவலை மடக்கை அளவில் வரையும்போது வால்பகுதி நேர்கோடாக வந்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. 50 மில்லி எலக்ட்ரான் வோல்ட் கருவி அகலம் தனியாகவே ஏறத்தாழ 130 கெல்வின் வெப்பநிலையைப் போல விளிம்பை மழுங்கச் செய்யும். அதைச் சார்போடு சுருளாக்கி (கன்வல்யூஷன் செய்து) பொருத்த வேண்டுமே தவிர, பிறகு கழித்துக்கொள்ள முடியாது. பம்பின் புள்ளி புரோப்பின் புள்ளியைவிடச் சிறியதாக இருந்தால், வெவ்வேறு செறிவில் கிளர்ந்த பகுதிகள் கலந்து, எந்த ஒற்றை அடுக்குச் சார்புக்கும் அடங்காத தேய்வு கிடைக்கும். அதற்கு இரண்டு தணிவுப் பாதைகள் என்று விளக்கமும் எழுதப்பட்டுவிடும். செறிவை அறிவிக்கும்போது அது புள்ளியின் உச்ச மதிப்பா சராசரியா என்று சொல்லாவிட்டால், படிப்பவர் இரண்டு மடங்கு வரை தவறாகக் கணிக்கலாம்.

அலைவுகளைப் படிப்பதிலும் அவசரம் கூடாது. பிஸ்மத் செலினைடில் உட்பகுதிப் பட்டை 2.23 டெரா ஹெர்ட்ஸிலும் பரப்பு நிலை அதோடு கூடுதலாக 2.05 டெரா ஹெர்ட்ஸிலும் அலைவதாக 2014-இல் தெரியவந்தது. இவ்விரண்டையும் பிரித்தறிய ஐந்தரை பிக்கோ நொடிக்கு மேற்பட்ட தாமத வீச்சு தேவை. 3 பிக்கோ நொடியோடு நிறுத்தியவருக்கு ஒரே அலைவுதான் தெரியும்.

டிராக் கூம்பின் நகல்கள், பம்ப் ஃபோட்டானின் ஆற்றல் இடைவெளியில் மேலும் கீழும் தோன்றினால் உடனே ஃப்ளோகே–பிளாக் நிலைகள் (பம்பின் சீரான அலைவால் படிகத்துக்குள்ளேயே உருவாகும் எலக்ட்ரான் நிலைகள்) என்று அறிவிப்பதும் தவறு. வெளியேறிய எலக்ட்ரான் வெற்றிடத்திலேயே பம்பின் புலத்தால் ஆட்டப்பட்டாலும் அதே நகல்கள் தோன்றும். அவற்றை வோல்கோவ் நிலைகள் என்பர். எம்.ஐ.டி.யில் நூஹ் கெடிக் குழுவினர் 2013-இல் 120 மில்லி எலக்ட்ரான் வோல்ட் அகச்சிவப்புப் பம்பைக் கொண்டு செய்த ஆய்வில் நம்பகத்தன்மையைத் தந்தது நகல்களின் இருப்பு அன்று. நகல்கள் ஒன்றையொன்று வெட்டும் இடங்களில் இடைவெளி திறந்ததும், வட்டத் தளவிளைவுற்ற (மின்புலம் சுழன்றுகொண்டே செல்லும்) ஒளியில் டிராக் புள்ளியிலேயே இடைவெளி திறந்ததும்தான். பரப்புக்குச் செங்குத்தான மின்புலக் கூறு இல்லாதபடி பம்பின் தளவிளைவை அமைத்தால் வோல்கோவ் பங்கு பெரிதும் குறையும்.

வட்டத் தளவிளைவுற்ற புரோப்பால் கிடைக்கும் வலது–இடது வேறுபாட்டைத் தற்சுழற்சியின் படமாகக் காட்டுவதையும் நிறுத்திவிடலாம். பிஸ்மத் டெலுரைடில் ஃபோட்டான் ஆற்றலை மாற்றினால் அந்த வேறுபாட்டின் குறியே தலைகீழாவது 2013-இல் அளக்கப்பட்டது. படிகத்தின் தற்சுழற்சி ஃபோட்டான் ஆற்றலுக்கேற்பத் திரும்புவதில்லை.

கடைசியாக மாதிரியின் முதுமை. வெற்றிடத்தில் பிளந்த பிஸ்மத் செலினைடின் பரப்பில் எஞ்சிய வாயுக்கள் படியப் படியப் பட்டைகள் கீழ்நோக்கி வளைகின்றன. சில மணி நேரத்தில் டிராக் புள்ளி ஆழத்துக்கு இறங்கி, பரப்பருகே இருபரிமாண எலக்ட்ரான் வாயுவுக்குரிய புதிய பட்டைகளும் தோன்றலாம். தாமதத்தைக் குறைந்ததிலிருந்து கூடியது வரை ஒரே ஒருமுறை மெதுவாக ஓட்டி அளப்பவர், இந்த முதுமையைத் தாமதத்தின் விளைவாகப் பதிவு செய்கிறார். குறுகிய ஓட்டங்களைப் பலமுறை, முடிந்தால் தாமதங்களை ஒழுங்கின்றிக் கலைத்து எடுத்து, ஒவ்வொன்றையும் கூட்டாமல் தனித்தனியே சேமிக்க வேண்டும். அளவீடு முடிந்த பின் முதல் தாமதத்துக்குத் திரும்பி இன்னொரு நிறமாலை எடுத்தால், டிராக் புள்ளி இடைப்பட்ட நேரத்தில் எவ்வளவு இறங்கியது என்பது தெரியும். ஒரே ஓட்டமாக எடுத்த தரவில் அந்த இறக்கத்தைவிடச் சிறிய ஆற்றல் மாற்றம் எதையும் பம்பின் விளைவாகக் கோர இயலாது.